கசிவுச் சோதனை

கோலா மூடாவில் ஒருவரிடம்
எண்ணூறு வெள்ளிக்கு வாங்கினேன்.
பதினான்கு அடி. அலுமினியம்.
எஞ்சினைச் சும்மா கொடுத்தார்,
அது சும்மாவே இருந்ததால்.

காருக்குப் போட்ட கூரையின் கீழ்
சிமெண்டுக் கல், கல்லின்மேல் டயர்,
டயரின்மேல் போட்.
கார் சாலையோரம் வெயிலில்.
கேட்டைத் தாண்டி ஒரு முழம் நீட்டும் பின்பக்கத்துக்கு
மரம் ஏற்றிய லோரிக்குக் கட்டுவதுபோல்
சிவப்புத் துணி கட்டிவிட்டேன்.

ஏன் என்று அக்கா கேட்டாள்.
எதிர்வீட்டு ரொஸ்னா கேட்டாள்.
கேஸ் தோம்பு கொண்டுவரும் பையனும் கேட்டான்.
மீன் பிடிப்பதில்லை. நீந்தத் தெரியாது.
விலை குறைவு என்றேன்.

பாயான் லெப்பாஸில் எனக்கு
நுண்ணோக்கி வழியே
ஈயப் பற்றுகளைப் பார்க்கிற வேலை.
கடுகில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும்.
நல்லது, நல்லது, கெட்டது, நல்லது.
தொழிற்சாலை பஸ்ஸில் பாலத்தைக் கடந்து
இருபத்திரண்டு வருடம்
கடலுக்கு மேலே போய்வருகிறேன்.
ஒரு சொட்டு என்மேல் பட்டதில்லை.

பெயிண்டைச் சுரண்டினேன். நீலம்.
நீலத்துக்கு அடியில் பச்சை.
பச்சைக்கு அடியில் பாதி அழிந்த சீன எழுத்து,
அதற்கும் கீழே ஜாவியில் ஏதோ.
ரொஸ்னா கண்ணாடி போட்டு வந்து
எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்:
"எவனோ பொண்டாட்டி பேர் எழுதியிருக்கான்."
பெண்டாட்டியையும் சுரண்டியதும்
மீன்வயிற்று நிறத்தில் வெறும் தகடு.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும்.
வெளியே ஒருவர் அடிக்க,
உள்ளே ஒருவர் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க.
எண்ணூறு வெள்ளியைக் கேள்விப்பட்ட நாள்முதல்
என்னோடு பேசாத குணாளன்
துறைமுகத்து இரவு ஷிப்ட் முடிந்து
காதடைப்பானோடு வந்து
உள்ளே இறங்கி உட்கார்ந்தான்.
கூப்பிடவில்லை நான்.
ஒரு தட்டு: பிடித்துவிட்டேன்.
இரண்டு தட்டு: அடுத்தது.
மூன்று தட்டு என்றால் அவன் விரல்.

உள்ளே தண்ணீர் வருமா என்று அறிய
உள்ளே தண்ணீரை ஊற்றத்தான் வேண்டும்.
ரப்பர் குழாயைப் போட்டு முழங்காலளவு நிரப்பி
அடியில் மல்லாந்து படுத்தேன்.
சொட்டுகிற ஒவ்வொரு ரிவெட்டுக்கும்
மெழுகுப் பென்சிலால் வட்டம்.
கெட்டது, கெட்டது, நல்லது, கெட்டது.
முதல் முறை நாற்பத்தொன்று.
இரண்டாம் முறை பதினொன்று.
மூன்றாம் முறை, வியாழக்கிழமை, மூன்று.

அன்றிரவு எங்கோ பெரிய குழாய் உடைந்தது.
தாமானில் எல்லா வீட்டுக் குழாய்களும்
இருமிவிட்டுக் காற்றைத் துப்பின.

விடியுமுன் ரொஸ்னா வாளியோடு நின்றாள்.
எண்ணெய் வாடை அடிக்கும், குடிக்காதே என்றேன்.
"கக்கூஸுக்கு மூக்கு இருக்கா?" என்றாள்.
பிறகு கேஸ் பையன், அவன் அம்மா,
நான் பெயர் அறியாத பதினேழாம் எண்.
போட் சாலையை மறைக்கிறதென்று
நகராண்மைக்கு எழுதிப்போட்ட
மூலைவீட்டு ஊய்
இரண்டு பெயிண்ட் டின்னோடு வந்து
சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
குணாளன் மொண்டு ஊற்றினான்,
இரண்டு டின்னும் வழிய.
மூன்று கசிவுக்கும் கீழே வைத்த
மூன்று கோப்பையையும் யாரோ கொண்டுபோனார்கள்.

ஞாயிறு இரவு போட் காலி.
அடியில் ஒரு பல்துலக்கி,
மாமர இலைகள், கொசுப்புழு.

திங்களன்று தண்ணீர் வந்தது, தேத்தண்ணி நிறத்தில்.
தபாலில் நோட்டீஸும் வந்தது:
பதினான்கு நாளில் அகற்றவேண்டும்.
ஊய் கேட்டருகே வந்து
எப்போது கடலில் இறக்குவாய் என்று கேட்டார்.
மூன்று இன்னும் கசிகிறது என்றேன்.
அவசரமில்லை, கடுதாசியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்;
அடுத்த மாதமும் தண்ணீர் நிற்குமாம்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
மறுபடி அடியில் போய்ப் படுத்தேன்.
உள்ளேயிருந்து
ஒரு தட்டு.